அக்கரையில் விடுதல்

மட்டக்களப்பு வாவியை நடுவில் வைத்து, சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும் அது படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் பிரித்து வழங்கிய எங்கள் முன்னோர், தங்கள் வளவுக்குள் அழையாமல் வந்து சேர்ந்த நாகத்தைக் கொல்ல மனமின்றியும் கூட வைத்திருக்கத் துணிவின்றியும் தவித்த வேளைகளில், அந்த நீர்ப்பரப்பையே தங்கள் மனச்சாட்சிக்கும் எல்லையாக வகுத்துக்கொண்டார்கள் என்று எனக்குப் பல சமயங்களில் தோன்றியதுண்டு. வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையை அண்டும்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த வாவி, சில இடங்களில் கூப்பிட்ட குரல் மறுகரையில் கேட்கும் அளவுக்கு ஒடுங்கியும், சில இடங்களில் மறுகரை மரங்கள் ஒரு பச்சைக் கோடாக மாத்திரம் தெரியும் அளவுக்கு அகன்றும் போகிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையே தென்னந்தோப்பும் நெருங்கிய வீடுகளுமாக நீண்டு கிடக்கும் மணல்மேடு எங்களுடையது; வயலும் குளமும் காடுமாக மேற்கே விரிந்து போகும் நிலம் படுவான்கரையாருடையது. பாம்பு காட்டைச் சேர்ந்த ஜந்து. காடு அக்கரையில் இருக்கிறது. ஆகையால் பாம்பை அக்கரையில் விடுவதே நியாயம். அக்கரையிலும் மனிதர் குடியிருக்கிறார்கள் என்ற சிறு விஷயத்தை மறந்துவிட்டால், இந்தத் தர்க்கத்தில் குற்றம் ஒன்றுமில்லை.

இவ்வழக்கம் எங்களுக்கு மாத்திரம் உரியதென்று சொல்ல முடியாது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், இந்நாட்டு ஜீவராசிகளைப் பற்றி 1861இல் வெளியிட்ட நூலில், உயிர்க்கொலைக்கு அஞ்சிய சிங்கள பௌத்தர்கள் நச்சுப்பாம்பு ஒன்றைப் பிடித்தால் அதனை ஓலையால் இழைத்த கூடைக்குள் அடைத்து ஆற்றிலே மிதக்க விட்டுவிடுவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். 1848 செப்ரெம்பரில் மட்டக்களப்புக்கு வந்து, இரவிலே தோணியேறி வாவி நடுவே சென்று, மீன் பாடுகிறது என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அந்த ஓசையைத் தோணிப் பலகையில் காதை வைத்துக் கேட்டு வியந்தவரும் இதே டெனன்ட்தான். காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த மனிதர் என்பதனால் அவர் சொல்லும் மற்ற விஷயங்களிலும் எனக்கு ஒரு பிரீதி உண்டு. நீர்கொழும்புக்கு அருகே பணக்காரர் ஒருவர் தம் வீட்டுக் காவலுக்கு நாய்களுக்குப் பதிலாக நாகங்களை வைத்திருந்தார் என்ற செய்தியையும், குதிரைமலைக் கடலில் நங்கூரமிட்டு நின்ற ஒரு கப்பலை நோக்கிக் கரையிலிருந்து கால் மைல் தூரம் நாகமொன்று நீந்தி வந்த செய்தியையும் அவர் அந்த நூலிலேயே சேர்த்திருக்கிறார்.

ஆற்றில் விடப்பட்ட அந்தக் கூடையைப் பற்றி நான் நெடுநேரம் எண்ணியிருந்ததுண்டு. அது எந்தத் துறையில் ஒதுங்கும், எவர் கையால் அவிழும், அவிழ்ப்பவர் அதற்குள் தேங்காயோ துணியோ இருக்கிறதென்று எண்ணும் ஒரு சிறுபிள்ளையாக இருந்தால் என்ன நேரும், அவிழ்ப்பார் எவருமின்றிக் கூடை நனைந்து தாழ்ந்தால் உள்ளே இருக்கும் ஜீவன் என்ன பாடுபடும் என்னும் கேள்விகளையெல்லாம் கேட்காமல் இருப்பதற்காகவே ஏற்பட்ட கூடை அது. கொலையைக் கையால் செய்யாமல், செய்யவேண்டிய தீர்மானத்தை ஆற்றின் தலையில் கட்டிவிட்டு வீடு திரும்புகிறவனுடைய நித்திரை அன்றிரவு கெடுவதில்லை. இதனைப் பரிகசிக்க நான் வரவில்லை. தடியெடுத்து அடிப்பவனைக் காட்டிலும் கூடை இழைப்பவன் பல படி மேலானவன் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்தப் படிகளில் கடைசிப் படி அதுதானா என்பதே விசாரிக்கத் தக்கது.

எங்கள் குறிச்சியில் கூடை இழைப்பவராகவும் கொண்டு போய் விடுபவராகவும் இருந்தவர் எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர். வலை வீசிப் பிழைத்தவர். மீன் போடும் பனையோலை உமல் ஒன்றும், வாய் அகன்று விளிம்பு உடைந்த பழைய மண்குடம் ஒன்றும் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் இந்த வேலைக்கென்றே தனியாகக் கிடந்தன. கல்லடி தொடக்கம் தெற்கே இரண்டு மூன்று ஊர்களில் எவர் வளவில் நாகம் தென்பட்டாலும் ஒரு பையன் மூச்சிரைக்க அவரிடம் ஓடிவருவான். அவர் அவசரப்பட்டதை நான் கண்டதில்லை. அங்கே கூடி நிற்கும் கூட்டத்தை வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டு, “புள்ளையள், காலத் தட்டாம நில்லுங்க, நீங்க சத்தம் போட்டாலும் அவருக்குப் பெரிசில்ல, காலடிதான் அவருக்குக் கேக்கிற” என்று சொல்லிக்கொண்டே, பாம்பு பதுங்கியிருந்த பொச்சுமட்டைக் குவியலின் ஒரு புறத்தில் குடத்தைப் படுக்கவைத்து, அதன்மேல் நனைத்த சாக்கைப் போர்த்து உள்ளே இருளாக்குவார். பிறகு எதிர்ப்புறத்துக்கு வந்து குந்தியிருந்து மட்டைகளை ஒன்றொன்றாக எடுத்து அப்பால் வைக்கத் தொடங்குவார். ஒரு மட்டையை எடுத்தபின் அடுத்த மட்டையைத் தொடுவதற்குள் ஒரு சுருட்டை அரைவாசி புகைத்துவிடுவார் என்று ஊரில் பகிடியாகச் சொல்வார்கள்.

மறைவு குறையக் குறைய நாகம் படம் எடுக்கும். அது சீறுவதைத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறவர்கள் பலர். கிட்ட நின்று கேட்டால் அந்தச் சீற்றத்துக்கு முன் அது மூச்சை உள்ளே இழுக்கும் ஓசையும் கேட்கும், விலாப்புறம் புடைப்பதும் தெரியும். கோபம் என்று நாம் பெயரிட்டிருக்கும் அந்தத் தோற்றத்தில் முக்காற்பங்கு பயம்தான் என்று எனக்கு விளங்கியது அந்த மூச்சைக் கேட்டபோதுதான். பெரியப்பா அசையாமல் இருப்பார். எதிரே அசைவு ஒன்றும் இல்லாதபோது அது மெல்லப் படத்தைத் தாழ்த்தி, வெளிச்சத்தை விட்டு விலகி, இருண்டு ஈரமாகக் கிடக்கும் குடத்தின் வாயைத் தேடிப் போகும். சிதம்பல்கள் உலர்ந்த மண்ணில் உரசும் சரசரப்பு, குடத்துக்குள் நுழைந்ததும் ஓங்கி ஒலிக்கும். வால்நுனி உள்ளே போனபின் பலகைத் துண்டொன்றால் வாயை மூடித் துணியால் சுற்றிக் கட்டி, குடத்தோடு உமலுக்குள் இறக்குவார். கையால் தொடுவதே இல்லை. மகாத்மா காந்தி சேவாகிராமத்தில் இருந்த காலத்தில் ஆசிரமத்துக்குள் வந்த பாம்புகளைப் பிடித்து வெளியே விடுவதற்கென்று வைத்திருந்த மரக்குறடும் கூண்டும் இன்றும் அங்கே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் பெரியப்பாவின் உடைந்த குடத்தைப் பார்வைக்கு வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

அந்நாட்களில் மண்முனைத் துறையில் பாலம் கிடையாது. 2014இல் அது திறக்கப்படும்வரை பாதை என்னும் மிதவையில் ஏறித்தான் ஜனங்கள் படுவான்கரைக்குப் போய்வந்தார்கள். பாம்போடு பாதையில் ஏறினால் மற்றவர்கள் தண்ணீரில் குதித்துவிடுவார்கள் ஆகையால், பெரியப்பா தம் தோணியில் கோலூன்றிப் போவார். பையன்களில் இரண்டொருவர் கூடப் போவார்கள். அக்கரைக் கண்ணாக்காட்டின் ஓரத்தில் குடத்தைச் சரித்து, “இனி இஞ்சால வரப்படாது, சரியா?” என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். நாகம் கடலிலேயே கால் மைல் நீந்துமென்று டெனன்ட் எழுதியதை அவர் வாசித்தவரல்லர். வாசித்திருந்தால் இந்த வாக்குறுதியை இன்னும் சற்று உறுதியாகக் கேட்டு வாங்கியிருப்பார்.

ஒருமுறை அவ்வாறு குடத்தைச் சரித்துக்கொண்டிருந்தபோது, வயலோரத்து வாடியிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “ஏன் அண்ணன், உங்கட ஊருப் பாம்பெல்லாம் எங்கட ஊருலதான் மாப்பிள்ளை எடுத்திரிக்கா?” என்று கேட்டார். எங்கள் பகுதியில் கலியாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பவன் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் சுவை தெரியும். பெரியப்பா சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. “எங்கட புள்ளையளும் விடியமுந்தி வெறுங்காலோடதானே வரம்பால போகுதுகள்?” என்றார். பெரியப்பா அதற்கு மறுமொழி சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த மறுமொழி எதுவும் இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. வீடுகளில் மின்விளக்கும், சீமெந்துத் தரையும், எட்டும் தூரத்தில் பெரியாஸ்பத்திரியும் உள்ள கரையிலிருந்து, அவை அருமையாயுள்ள கரைக்குத்தான் நாங்கள் எங்கள் ஜீவகாருண்யத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தோம்.

அக்கரை மனிதரை ஒருபுறம் வைத்துவிட்டுப் பாம்பின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கணக்கு நேராகவில்லை. காட்டில் விட்டால் அது சுகமாயிருக்கும் என்ற நம்பிக்கை, காடு என்பது ஆளில்லாத வெற்றிடம் என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டது. நண்பகல் வெயிலுக்கு எந்தப் பொந்தில் ஒதுங்குவது, மாரியில் எந்தப் புற்றுக்குள் தண்ணீர் ஏறாது, எந்தப் பள்ளத்தில் தவளை கூடும், கீரி எந்த வேளையில் எந்த வழியே வரும் என்னும் அறிவெல்லாம் ஒரு பாம்புக்குத் தன் சொந்த நிலத்தில் மாத்திரம் உண்டு. குடத்தில் அடைத்துக் கொண்டுபோய்க் கவிழ்த்த இடத்தில் அது அனைத்தையும் இழந்து நிற்கிறது. அமெரிக்காவில் வாலில் கிலுகிலுப்பையுடைய விரியன் ஒன்றைப் பற்றி ரைனெர்ட், ருப்பெர்ட் என்னும் ஆய்வாளர் இருவர் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி, உடலுக்குள் சிறு வானொலிக் கருவி பொருத்தப்பட்டு வேறிடம் கொண்டுபோய் விடப்பட்ட பாம்புகள், அவ்விடத்திலேயே வாழ்ந்த பாம்புகளைப் பார்க்கிலும் மிக நீண்ட தூரம் அலைந்தன என்றும், அவற்றினும் பன்மடங்கு அதிகமாக மாண்டன என்றும் காட்டிற்று. எங்கள் நாகமும் அந்த விரியனும் வேறு வேறு ஜாதி. ஆனாலும் இடமிழந்த ஜீவனுடைய அலைச்சல் ஜாதிக்கு ஜாதி பெரிதாக வேறுபடும் என்று நம்ப எனக்கு இயலவில்லை.

யானை விஷயத்தில் அயல்நாட்டு உதாரணத்துக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. ஊருக்குள் புகுந்து பயிரழித்த யானையை மயக்க ஊசி போட்டு வீழ்த்தி, லொறியில் ஏற்றி, ஏதேனுமொரு சரணாலயத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவது இந்நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் காரியம். பிரித்விராஜ் பெர்னாண்டோவும் அவருடைய சகாக்களும் அவ்விதம் இடம்மாற்றப்பட்ட பன்னிரண்டு ஆண்யானைகளுக்குக் கழுத்துப்பட்டியில் செய்மதிக் கருவி பூட்டி, அவை போன வழிகளைப் பின்தொடர்ந்து, 2012இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். சில யானைகள் பிடிபட்ட ஊருக்கே திரும்பி நடந்துவிட்டன; சில திசை தெரியாமல் எங்கெங்கோ திரிந்தன; சிலவே போன இடத்தில் தங்கின. தங்கியவையும் அலைந்தவையும் அதுவரை யானைத் தொல்லை அறியாத ஊர்களுக்கு அத்தொல்லையைக் கொண்டு சென்றன. யானைகளின் சாவும் அதிகரித்தது. யானையையும் அதனோடு சேர்த்துப் பிரச்சினையையும் இடம் மாற்றுகிறோம் என்பதே அவர்கள் கண்டது. படுவான்கரையின் வெல்லாவெளியிலும் போரதீவிலும் வவுணதீவிலும் வேளாண்மை குடலை தள்ளும் காலத்தில் இரவிரவாகப் பரணில் காத்திருந்து யானைவெடி கொளுத்துகிறவர்களுக்கு இந்த ஆராய்ச்சி புதிதாக எதையும் சொல்லியிராது.

அக்கரை என்பது தூரத்தைப் பொறுத்ததன்று. 2023ஆம் வருஷம் ஏப்ரலில், பயிரை நாசம் செய்யும் குரங்குகளில் ஒரு இலட்சத்தைச் சீனாவிலுள்ள மிருகக்காட்சிச் சாலைகளுக்கு அனுப்பலாமா என்று நம்முடைய விவசாய அமைச்சரே யோசனை வெளியிட்டபோது, எங்கள் பெரியப்பாவின் தோணி கப்பலாக வளர்ந்து விட்டதென்று எண்ணிக்கொண்டேன். உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத, இலங்கைக்கே உரிய ஒரு குரங்கினம் அது. சூழலியலாளர் எதிர்த்தார்கள், விஷயம் நீதிமன்றம் வரை சென்றது, கப்பல் புறப்படவில்லை. பிறகு 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த சேஷ்டையால் நாடு முழுவதும் இருளில் மூழ்கிற்று என்று அமைச்சர் ஒருவர் அறிவித்தார். அடுத்த மாதம் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்குச் சரியாக ஐந்து நிமிஷம் குடிமக்கள் யாவரும் தத்தம் வளவில் நிற்கும் குரங்கையும் மயிலையும் மலை அணிலையும் பன்றியையும் எண்ணவேண்டுமென்று அரசாங்கம் கேட்டுக்கொண்டது. எண்ணுவது நல்லதுதான். எண்ணி முடித்தபின் எங்கே அனுப்புவது என்று கேட்காமல், இவை ஏன் வளவுக்கு வந்தன என்று கேட்டிருந்தால் அந்த ஐந்து நிமிஷமும் வீண் போயிராது.

நாகத்தின் விஷயத்தில் அக்கேள்விக்கு மறுமொழி தேடி நான் எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. குசினிக்குப் பின்புறம் போனால் போதுமானது. கிணற்றடியில் குளித்த தண்ணீர் ஓடி வாழையடியில் தேங்குகிறது. அந்த ஈரத்துக்குத் தேரை வருகிறது. பின்வாசல் விளக்கில் வந்து விழும் பூச்சிகளுக்காகவும் வருகிறது. கோழிக்கு இறைத்த தவிடும் குருணையும் இராமுழுதும் மண்ணில் கிடக்க, அவற்றுக்கு எலி வருகிறது. ஆறு மாதத்துத் தேங்காயின் பொச்சுமட்டையெல்லாம் சுவரோடு சேர்த்துக் குவிந்திருக்கிறது. அதன்மேல் பழைய கிடுகும் காய்ந்த ஓலையும். மதிலின் அடியில் கல் பெயர்ந்த துவாரங்கள். உணவும் நீரும் நிழலும் தங்குமிடமும் கூலியில்லாமல் கிடைக்கும்படி ஒரு சத்திரத்தைக் கட்டித் திறந்து வைத்துவிட்டு, வழிப்போக்கன் வந்து படுத்ததும் ஊரைக் கூட்டுகிறோம். அவனைப் பிடித்து அக்கரைக்கு அனுப்பினாலும் சத்திரம் திறந்தே கிடக்கிறது. ஆகையால் அடுத்தவன் வருகிறான். பெரியப்பாவை ஒரே வளவுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தவர்கள் அதனை வீட்டுத் தோஷமென்று கருதி நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் நேர்ந்தார்கள். முட்டையையாவது பாம்பு விழுங்கும். பால் அதன் ஆகாரமே அன்று.

செய்யவேண்டியது பெரும்பாலும் அலுப்பூட்டும் வேலை. அதனால்தான் எவரும் செய்வதில்லை. மட்டையையும் விறகையும் சுவரைவிட்டு அகற்றி, கல் வைத்து நிலத்துக்கு ஒரு முழம் உயரத்தில் அடுக்கினால் அடியில் இருள் தங்காது. தவிட்டை மூடியுள்ள தகரத்தில் வைத்து, கோழிக்கு வேண்டிய அளவு மாத்திரம் பகலில் இறைத்து, கூட்டின் அடியைச் சிறுகண் கம்பிவலையால் அடைத்துவிட்டால் எலிக்கு இரவில் அங்கே ஜோலியில்லை. தண்ணீர் ஓடும் குழாயின் வாய்க்கும் வலை வேண்டும். இவற்றுக்குப் பதிலாக வெள்ளைப்பூண்டைக் கரைத்துத் தெளிப்பதும், ஆகாசகருடன் கிழங்கை நிலையில் கட்டித் தொங்கவிடுவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் எங்களுக்குப் பிரியமாயிருப்பதற்குக் காரணம், அவை ஒரு பொழுதில் முடிந்துவிடுகின்றன என்பதே. மண்ணெண்ணெயால் கிணற்றுத் தண்ணீர் கெடும். பாம்பு சற்று விலகிப் போகும், அவ்வளவுதான்.

இன்னுமொன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வாவியோரத்து வீடுகளில் கிழிந்த நைலோன் வலையைக் கொண்டு கோழிக்கும் கீரைப்பாத்திக்கும் வேலியடைப்பது வழக்கம். செலவில்லாத வேலி, எவருக்கும் தீங்கு நினைத்துக் கட்டியதும் அன்று. இரவில் அந்த வலைக்கண்ணுக்குள் தலையை நுழைக்கும் பாம்பு முன்னே போகப் பார்க்கும். சிதம்பல்கள் பின்னோக்கிப் படிந்திருப்பதனால் பின்னே வர இயலாது. இழுக்க இழுக்க நூல் இறுகித் தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். காலையில் நாம் காணும்போது சில வேளைகளில் உயிர் இருக்கும். பெரியப்பா அப்படிச் சிக்கிய ஒரு சாரையை விடுவித்ததை நான் பார்த்திருக்கிறேன்: தலையை ஈரத்துணியால் மூடி மகனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சவர அலகால் ஒவ்வொரு நூலாக, சிதம்பலுக்கும் நூலுக்கும் நடுவே அலகின் நுனியை நுழைத்து வெளிப்பக்கமாக அறுத்தார். வலை பின்னிய கைக்கே அந்தப் பொறுமை வாய்க்கும். கொல்லக்கூடாது என்று விரதம் பூண்ட வீடுகளிலேயே இந்த வேலிகளும் நிற்கின்றன.

சாரை என்றதும் நினைவுக்கு வருகிறது: எங்கள் தயை பாம்புக்குப் பாம்பு தராதரம் பார்ப்பது. நாகம் ‘அவர்’. அவருக்குக் குடமும் தோணியும் உண்டு. புடையன் என்று ஊரில் சொல்லப்படும் கண்ணாடி விரியனும், எட்டடி விரியனும் ‘அது’, அதற்கு உலக்கை. நாகத்தோடு பிணையும் என்ற பழியைச் சுமந்த அப்பாவிச் சாரைக்கு, நஞ்சே இல்லாதிருந்தும், எலியைத் தின்று வயலைக் காத்துத் தந்தும், தடியடிதான் கிடைக்கிறது. பிணைச்சல் என்று ஜனங்கள் பார்த்து நிற்பது பல வேளைகளில் இரண்டு ஆண்சாரைகளின் மல்யுத்தமேயன்றி வேறில்லை. மறுபுறத்தில், உயிருக்கு மெய்யாகவே பயப்பட வேண்டியது எதற்கு என்று பார்த்தால், இரவில் வீட்டுக்குள் புகுந்து, பாயில் படுத்திருப்பவரை நோவு தெரியாமலே கடித்துவிட்டுப் போகும் எட்டடி விரியன் முன்னிற்கிறது. அதற்கெதிரே நல்ல காவல், ஓரத்தைப் பாயின் கீழ் மடித்துச் செருகிய ஒரு நுளம்புவலை. 2012, 2013ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கின்படி, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. 400க்கு மேற்பட்டோர் மாண்டுபோகிறார்கள். இந்த எண்களை அறிந்த ஒருவர் பயத்தை மூடநம்பிக்கை என்று சொல்லமாட்டார். குழந்தை தவழும் வீட்டின் முற்றத்தில் படமெடுத்து நிற்கும் நாகத்தின் முன்னே ஒரு தாய்க்குத் தத்துவம் பேசுவது மரியாதையும் அன்று.

அந்தத் தாய்க்கு அன்றைக்கே செய்யத்தக்கது என்னவென்றால், பிள்ளையையும் நாயையும் உள்ளே எடுத்துக்கொண்டு, பின்விளக்கை அணைத்து, படலையைத் திறந்துவிட்டு, ஓரிரவு பொறுப்பதே. வழி கிடைத்த பாம்பு பெரும்பாலும் தானே போய்விடும். போகாத பாம்பைப் பிடித்தாலும் சில நூறு முழத்துக்குள், அது அறிந்த நிலத்திலேயே, ஆள் புழங்காத பற்றையொன்றில் விடுவது அதற்கு நல்லது. ஆனால் எழுவான்கரையில் அப்படியொரு பற்றை எங்கே இருக்கிறது? ஒரு வளவின் வேலி முடிய அடுத்த வளவின் கிணற்றடி தொடங்குகிறது. சில நூறு முழத்துக்குள் விடுவதென்றால் அயல்வீட்டில் விடுவது என்றுதான் அர்த்தம். அயல்வீட்டார் நாளை காலை நம் முகத்தில் விழிக்கவேண்டியவர்கள், படுவான்கரைக்காரி அப்படியல்ல. இந்த ஒரு வித்தியாசத்தைக் கொண்டே அக்கரை இத்தனை தலைமுறையாகக் காட்டுக்குச் சமமாகி வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர்கள் 1978 முதல் நடத்திவரும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இதற்கு வேறொரு வகை கண்டிருக்கிறார்கள். தோலுக்காகப் பாம்பைக் கொன்று வந்த ஜனங்கள், அந்த வியாபாரம் சட்டத்தால் நின்றுபோனபின், நாகம், விரியன்கள் ஆகியவற்றை உயிரோடு பிடித்துச் சில வாரங்கள் மண்பானைகளில் வைத்திருந்து, நஞ்சை எடுத்து, வயிற்றுச் சிதம்பலில் ஓர் அடையாளம் இட்டு மறுபடி வெளியே விடுகிறார்கள். அடையாளமிட்டதை உடனே திரும்பப் பிடிப்பதில்லை. அந்த நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றி எடுக்கும் மருந்துதான் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து எங்கள் ஆஸ்பத்திரிகளின் குளிரூட்டிகளில் இருக்கிறது. எங்கள் விவசாயி ஒருவனுடைய உயிர், செங்கற்பட்டு வயலொன்றில் எவரோ கொல்லாமல் விட்ட ஒரு பாம்பினால் காக்கப்படுகிறது. ஆயினும் அங்குள்ள பாம்பின் நஞ்சும் இங்குள்ளதன் நஞ்சும் முற்றிலும் ஒன்றல்ல என்பதனால், இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே மருந்து செய்யவேண்டுமென்று இந்நாட்டு வைத்தியர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அது கைகூடுமானால், சேதமின்றிப் பிடிக்கவும் பிடித்த இடத்திலேயே விடவும் தெரிந்த கைகள் இங்கேயும் தேவைப்படும்.

பெரியப்பா இப்போது இல்லை. குடமும் உமலும் என்னவாயின என்று தெரியவில்லை. அவரோடு தோணியில் போய்வந்த பையன்களில் ஒருவன் வளர்ந்து, நீண்ட பிளாஸ்ரிக் குழாயின் நுனியில் துணிப்பை கட்டிக்கொண்டு, கூப்பிட்ட வீடுகளுக்குப் போகிறான். கூலி கேட்பதில்லை, கொடுத்தால் மறுப்பதும் இல்லை. மூன்று இனத்தார் வீடுகளிலும் அவனுக்குத் தேநீர் உண்டு. ஒருநாள் அவன் நாகத்தோடு எட்டடி விரியனையும் சேர்த்தே பிடித்து வைத்திருந்தான் என்பதைக் கண்டபோது, பெரியப்பாவின் காலத்துத் தராதரம் இவனோடு ஒழிந்தது என்று எனக்குப் பெரிய திருப்தி. பிடித்ததையெல்லாம் எங்கே விடுகிறாய் மகன் என்று கேட்டேன்.

“பாலம் போட்ட பொறகு லேசு மாமா,” என்றான், “மோட்டசைக்கிள்ள ஏறினா, கொஞ்ச நேரத்தில அக்கரை.”